தொப்பூர் ஏற்றத்தில் கை காட்டுகிறவள்

தருமபுரிப் பக்கம் வளர்ந்தவர்களிடம் தொப்பூர் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் விபத்தைப் பற்றிப் பேசுவார்கள். கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்தால், அதுவும் ராத்திரியாக இருந்தால், அந்தப் பொண்ணைப் பற்றிய பேச்சு வரும். கணவாய் ஏற்றத்தில் தனியாக நின்று கை காட்டுவாள். இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டால் கொஞ்ச தூரம் கூட வருவாள், அப்புறம் திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லாரிக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பஸ் கண்டக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிற பையன்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு ஆள் புடவையின் நிறம் மாறும், அவள் நிற்கிற இடம் மாறும், ஏறுகிற வண்டி மாறும். மாறாத விஷயங்களும் சில உண்டு. அவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து சேலம் போகிற சாலை, பழைய என்.ஹெச். 7, இப்போது 44. தருமபுரி, நல்லம்பள்ளி தாண்டி, பாளையம் டோல்கேட்டைக் கடந்ததும் சாலை மலைக்காட்டுக்குள் சரியத் தொடங்கும். வளைந்து வளைந்து இறங்கி, கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று வந்து, கீழே தொப்பூரில் சமதளத்தைத் தொடும். அங்கிருந்து மேட்டூருக்கு ஒரு ரோடு பிரியும். பகலில் போனால் குரங்குகள், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். ராத்திரியில் லாரி வெளிச்சத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

என் தாய்மாமா லாரி டிரைவர். சங்ககிரி வண்டிகளில்தான் அதிகம் ஓடினார். அவர் சொல்லும் கதைதான் எனக்கு முதல் கதை. அவருக்கு நடந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எங்க ஓனர்கிட்ட முன்னாடி ஓட்டுன டிரைவருக்கு ஆனது" என்றுதான் தொடங்குவார். இந்தக் கதை யார் சொன்னாலும் இப்படித்தான், ஒரு ஆள் தள்ளித்தான் நடந்திருக்கும்.

நாலு வழிச் சாலை வராத காலம். சிமெண்ட் லோடு. ராத்திரி ஒரு மணி இருக்கும். தொப்பூரில் டீ குடித்துவிட்டு ஏற்றத்தில் வண்டியை விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் புளியமரம். மூன்றாவது வளைவில் ஒரு பொண்ணு நிற்கிறாள். மாமா சொல்லும் பொண்ணுக்கு வெள்ளைப் புடவை கிடையாது. பச்சையில் பூப்போட்ட சாதாரணப் புடவை, கையில் ஒயர் கூடை. கூடைக்கு மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருக்கும். அந்தத் துண்டை மாமா ஒருமுறைகூட விட்டுச் சொன்னதில்லை. டிரைவர் வண்டியை நிறுத்துகிறார். "ஏம்மா, இந்நேரத்துக்கு இங்க எங்க நிக்கற?" என்று கேட்கிறார். "பஸ்ஸு வுட்டுட்டேங்ணா. தருமபுரி நாலு ரோட்டுல எறக்கி வுட்டுடுங்க" என்கிறாள். கிளீனர் பையன் கையைக் கொடுத்து ஏற்றிவிடுகிறான். கை ஜில்லென்று இருந்தது என்று அவன் அப்புறம் சொன்னானாம். கேபினில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் பலகையில் உட்கார்ந்துகொள்கிறாள். டிரைவர் பேச்சுக் கொடுக்கிறார். ஒன்றிரண்டு வார்த்தை பதில் சொல்கிறாள். வீடு எந்தத் தெரு என்றுகூடச் சொல்கிறாள். மேடு ஏறி முடித்து, கியர் மாற்றி, வண்டி கொஞ்சம் மூச்சு விடுகிற இடம் வரும். அங்கே டிரைவர், "இனிமே பயமில்லம்மா, ஒரு மணி நேரத்துல வூடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். பலகை காலி.

கதவு திறக்கவில்லை. கிளீனர் கதவோரம்தான் உட்கார்ந்திருந்தான். ஒயர் கூடை மட்டும் பலகையில் இருக்கிறது.

சின்ன வயதில் நாங்கள் இந்த இடத்தோடு போர்வைக்குள் போய்விடுவோம். ஆனால் மாமாவுக்குக் கதை அங்கே முடியாது. விடிந்ததும் அந்த டிரைவர் நாலு ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அவள் சொன்ன தெருவைத் தேடிக்கொண்டு போகிறார். ஓட்டு வீடு. வயதான அம்மா ஒருத்தர் வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறார். டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை, கூடையைக் காட்டுகிறார். அந்த அம்மா அதை வாங்கி, துண்டை எடுத்துப் பார்த்து, உள்ளே போய் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து காட்டுகிறார். மாலை போட்ட போட்டோ. "இந்த வருசமும் கெளம்பி வந்துட்டாளா" என்கிறார். அப்புறம் டிரைவரை உட்காரவைத்து ஒரு சொம்பு மோர் கொடுக்கிறார்.

கூடைக்குள் என்ன இருந்தது என்று நாங்கள் கேட்காத நாளே இல்லை. மாமா சொன்னதே இல்லை. "அது அவங்க வூட்டு விசயம்" என்பார்.

கண்டக்டர் சொன்னது வேறு. சேலத்திலிருந்து வரும் கடைசி பஸ். தொப்பூரில் ஒரு பொண்ணு ஏறி, காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறாள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கியபின் பார்த்தால் அவள் இல்லை. டிப்போவில் கணக்கு முடிக்கும்போது ஒரு டிக்கெட்டுக்குப் பணம் குறைகிறது. டிக்கெட் கிழித்தது கிழித்ததுதான், பையில் அந்தக் காசு மட்டும் இல்லை. கண்டக்டர் தன் கையிலிருந்து போட்டுக் கணக்கை நேர் செய்கிறார். இன்னொன்று பைக் கதை. இது ராயக்கோட்டை ரோட்டில் நடப்பதாகச் சொல்வார்கள். இரண்டாம் ஷிப்ட் முடித்து வரும் பையன், மார்கழிக் குளிர், வழியில் நிற்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு தன் ஜெர்கினைக் கழற்றிக் கொடுக்கிறான். கொஞ்ச தூரம் போனதும் பின்சீட்டில் பாரமில்லை. மறுநாள் ஊர்க்காரர்களோடு தேடிப் போனால், ஊர்ச்சாமி வேடியப்பனின் கல்லின் மேல் ஜெர்கின் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த மாதிரிக் கதை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. ரிச்சர்ட் பியர்ட்ஸ்லி, ரோசாலி ஹாங்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1940களின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட 79 கதைகளைச் சேகரித்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். வழியில் ஏறும் பெண், சொன்ன முகவரி, காலியான சீட்டு, வீட்டில் இருக்கும் அம்மா, கல்லறை மேல் விட்டுப்போன கோட்டு எல்லாம் அங்கேயும் உண்டு. கார் வருவதற்கு முன்னால் குதிரை வண்டியில் ஏறியிருக்கிறாள். கதை கடல் தாண்டி வந்ததா, தனித்தனியாக முளைத்ததா என்ற ஆராய்ச்சியில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. தொப்பூருக்கு வந்தபின் அவள் தொப்பூர்க்காரியாகிவிட்டாள். கோட்டு ஜெர்கினாகி, கல்லறை வேடியப்பன் கல்லாகிவிட்டது.

வழியில் நிற்கும் பெண் தமிழுக்குப் புதிதா என்றால் அதுவும் இல்லை. பழையனூர் நீலி வழிப்பயணிக்குப் பின்னால் வந்தவள்தானே? கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருசன்" என்று ஊர்ச் சபையில் நின்று, வணிகனின் உயிரை வாங்கினாள். அவனுக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர்கள் தீயில் இறங்கினார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வருகிற மோகினிகளும் உயிர் வாங்கத்தான் வருகிறார்கள். தொப்பூர்க்காரி அந்த வம்சத்தில் வரவில்லை. நான் கேட்ட எந்தக் கதையிலும் அவள் யாரையும் அடித்ததில்லை, யார் மேலும் ஏறியதில்லை, வண்டியைக் கவிழ்த்ததில்லை. அவள் கேட்பது ஒன்றே ஒன்று, வீட்டுக்குப் போக வேண்டும்.

இன்னொரு விஷயம் பெரியவனான பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் எப்போதும் ஏற்றத்தில்தான் நிற்கிறாள். சேலத்திலிருந்து தருமபுரிக்கு வருகிற பக்கம். இறக்கத்தில் நின்று லிப்ட் கேட்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவிடம் கேட்டபோது, இதிலென்ன ஆச்சரியம் என்பதுபோல விளக்கினார். லோடு வண்டி அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியரில்தான் ஏறும், பழைய வண்டியென்றால் சில இடத்தில் முதல் கியர். ஆள் நடக்கிற வேகம்தான். அந்தக் காலத்தில் கிளீனர் பையன் கீழே குதித்து, கையில் மரக்கட்டையோடு வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வருவானாம். வண்டி பின்னால் வாங்கினால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க. அந்த வேகத்தில் போகும்போது ரோட்டோரம் நிற்கிற ஆளின் முகம் தெரியும், குரல் கேட்கும், கை கொடுத்து ஏற்றவும் முடியும்.

இறக்கத்தில் நிறுத்துவதென்ற பேச்சே இல்லை. இந்தச் சாலையில் சாவு வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். வடக்கேயிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி, டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் போட்டு இறங்கும். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வரும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடுகிறது. மேலிருந்து கீழ்வரை பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, லைனிங் கருகி, கடைசி வளைவுகளில் பெடலை மிதித்தால் ஒன்றும் பிடிக்காது. இதைத் தெரியாமல் செய்பவர்களும் உண்டு, தெரிந்தே செய்பவர்களும் உண்டு. வண்டிக்கு இவ்வளவு டீசல்தான் என்று அளந்து கொடுக்கிற ஓனர் இருக்கும்போது டிரைவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 2020 டிசம்பரில், முன்னால் நடந்த ஒரு விபத்தால் வரிசையாக நின்றிருந்த வண்டிகள்மேல் ஒரு லாரி வந்து மோதியது. பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின, 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இன்னொன்று. லாரி பாலத்திலிருந்து கீழே விழுகிற அந்தக் கேமராக் காட்சியை எல்லோரும் போனில் பார்த்திருப்பீர்கள். அதிலும் 4 பேர். செய்தித்தாளில் வந்தவை இவை. வராதவற்றுக்குக் கணக்கு இந்த ஊர்க்காரர்களின் நினைவில்தான் இருக்கிறது. உயர்மட்டச் சாலைத் திட்டம் வந்திருக்கிறது. அது முடிந்து இந்த வளைவுகள் ஓய்ந்தால் நான் முதல் ஆளாகச் சந்தோஷப்படுவேன்.

ஆக, இறக்கத்தில் செத்தவர்கள் ஏற்றத்தில் நின்று கை காட்டுகிறார்கள். நின்று கேட்க இடம் இருக்கிற பக்கம் அது ஒன்றுதான்.

முன்பெல்லாம் அவள் ஒரு மரத்தடியில்தான் நின்றாள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புளி ஒரு பெரிய விளைச்சல். சாலையோரப் புளியமரங்களைக்கூட நெடுஞ்சாலைத் துறை வருஷா வருஷம் ஏலம் விடும். மரத்துக்கு நம்பர் போட்டு, இடுப்பளவுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள். வண்டி மோதிய மரம் எது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பட்டை உரிந்த இடம் முதலில் வெளுப்பாக இருக்கும், அப்புறம் ஓரங்கள் தடித்துச் சுருண்டு உள்ளே மூடிக்கொண்டு வரும். அதன்மேல் யாராவது மஞ்சள் பூசி வைத்திருப்பார்கள். சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரங்கள் போய்விட்டன. கதையில் அவள் நிற்கும் இடமும் அப்புறம் மாறிவிட்டது. இப்போது சொல்கிற பையன்கள் இரட்டைப் பாலத்தின் கைப்பிடியோரம் என்கிறார்கள், டோல்கேட் விளக்கு தெரியும் முன்னால் மறைந்துவிடுகிறாள் என்கிறார்கள். மரத்தோடு அவளும் போயிருக்கலாம். போகவில்லை.

வேடியப்பன் கல்லைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. எங்கள் பக்கத்து ஊர்களில் வேடியப்பன் கோயில் இல்லாத திசையே கிடையாது. பல கோயில்களில் உள்ளே இருப்பது ஒரு நடுகல். வில்லோ வாளோ ஏந்திய வீரன், உடம்பில் அம்பு தைத்திருக்கும், சிலவற்றில் மேலே வட்டெழுத்தில் நாலு வரி. மாட்டு மந்தையை மீட்கப் போய் விழுந்தவன், ஊரைக் காக்கப் போய் விழுந்தவன். தகடூர் நாடு என்று சொல்லப்பட்ட இந்த மண்ணில் அப்படிக் கற்கள் எக்கச்சக்கம். தருமபுரி அகழ் வைப்பகத்துக்குப் போனால் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். வழிதோறும் இறந்தவனின் பெயரையும் பெருமையையும் எழுதி, மயில்பீலி சூட்டிக் கல் நிறுத்தினார்கள் என்று சங்கப் பாட்டே சொல்கிறது. வழியில் செத்தவனை வழியிலேயே நிறுத்துவது இங்கே இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம். அவனைத் தாண்டிப் போகிறவன் ஒரு நிமிஷம் நின்று போக வேண்டும்.

தொப்பூரில் செத்தவர்களுக்கு யார் கல் வைப்பது? உள்ளூர் ஆளென்றால் முதலாண்டு நினைவஞ்சலி பேனர் கட்டுவார்கள். அடுத்த மழைக்குள் அது கிழிந்துவிடும். இந்தச் சாலை ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற சாலை. எங்கிருந்தோ வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போனவர்கள் எத்தனை பேர். தமிழ் தெரியாத டிரைவரின் வீட்டுக்குத் தகவல் போய், ஆள் வந்து, உடலை வாங்கிக்கொண்டு போவதற்குள் ரோட்டில் கண்ணாடித் தூளைக் கூட்டி ஒதுக்கியிருப்பார்கள். அவர்கள் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. கை காட்டுகிற அந்தப் பொண்ணுக்கும் எந்தக் கதையிலும் பெயர் கிடையாது. வீட்டில் மாலை போட்ட போட்டோவில்கூடப் பெயர் எழுதியிருந்ததாக மாமா சொன்னதில்லை. பெயர் இல்லாத எல்லோருக்குமாகச் சேர்த்து ஊர் வைத்த கல் என்றுதான் நான் இந்தக் கதையைப் புரிந்துகொள்கிறேன்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பிறகு இஷினோமாகி என்ற ஊரில் இதே கதை வந்தது. டோஹோகு ககுயின் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காக அந்த ஊர் டாக்சி டிரைவர்களைப் பார்த்துப் பேசினார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டதில் 7 பேர் வாய் திறந்தார்கள். ஒரு டிரைவர் சொன்னது இது. கோடை நெருங்கும் நேரத்தில் கோட்டுப் போட்ட ஒரு பெண் ஏறி, மினாமிஹாமாவுக்குப் போகச் சொல்கிறாள். கடல் வழித்துக்கொண்டு போன பகுதி அது. "அங்கே இப்போது ஒன்றுமே இல்லையே அம்மா, பரவாயில்லையா?" என்று கேட்கிறார் டிரைவர். "நான் செத்துப்போய்விட்டேனா?" என்று நடுங்கும் குரலில் கேட்கிறாள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. ஏறியவுடன் மீட்டரைப் போட்டுவிட்டதால், அந்தக் கூலியை டிரைவர்களே தங்கள் கையிலிருந்து கட்டியிருக்கிறார்கள். படித்தவுடன் எனக்கு எங்கள் ஊர்க் கண்டக்டரின் ஒற்றை டிக்கெட்தான் நினைவுக்கு வந்தது. அந்த டிரைவர்களில் யாரும் பயந்ததைப் பெரிதாகச் சொல்லவில்லை. மறுபடியும் அப்படி ஒருவர் கை காட்டினால் ஏற்றிக்கொள்வேன் என்று சொன்னவர்கூட உண்டு.

எனக்கு இந்தக் கதைகளில் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். பேய் மறைவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் ஒன்று நடக்கிறது, வண்டி நிற்கிறது. ஒரு மணி ராத்திரியில், மேட்டில், பாரத்தோடு ஏறுகிற வண்டியை நிறுத்தி எடுப்பது சாதாரணமில்லை. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஒரு மனுஷன், யாரென்றே தெரியாத ஒருத்திக்காக அதைச் செய்கிறான். அவன் நிறுத்தாவிட்டால் கதையே இல்லை.

நிஜத்தில் நிறுத்துகிறார்களா? என் சித்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாமாவுக்கு நேர் இளையவர். சில வருஷம் முன்னால் சித்தியும் சித்தப்பாவும் ஓமலூர்ப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு மொபெட்டில் திரும்பினார்கள். ராத்திரி தங்கிவிட்டு வரச் சொல்லித்தான் எல்லோரும் சொன்னார்கள். மாடு கறக்க ஆளில்லை என்று கிளம்பிவிட்டார்கள். கணவாய் ஏற்றத்தில் பின்னால் வந்த ஏதோ வண்டி உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. சித்தப்பாவுக்குக் கால் முறிந்து, தலையில் அடி. போன் இருட்டில் எங்கேயோ தெறித்துவிட்டது. சித்தி எழுந்து ரோட்டோரம் நின்று கை காட்டத் தொடங்கினார்.

அன்றைக்கு அவர் கட்டியிருந்தது சந்தன நிறப் பட்டுப்புடவை. தலை நிறைய மல்லிகை. விழுந்ததில் கொண்டை அவிழ்ந்து முடி முன்னால் வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். அந்த ரோட்டில், அந்த நேரத்தில், அந்தக் கோலத்தில் ஒருத்தி நின்று கை காட்டினால் டிரைவர்களுக்கு என்ன தோன்றும்?

ஒரு கார் மெதுவாக வந்து, வெளிச்சத்தை முகத்தில் அடித்துவிட்டு, சட்டென்று வேகமெடுத்துப் போய்விட்டது. ஒரு லாரியிலிருந்து "முனியப்பா, முனியப்பா" என்று சத்தம் கேட்டதாம். பஸ் ஒன்று வந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, ஆட்கள் தெரிந்தார்கள், அதுவும் நிற்கவில்லை. சித்தி அழுதுகொண்டே கத்தியிருக்கிறார். கத்துவதைக் கேட்டு இன்னும் வேகமாகப் போனார்கள். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியவில்லை. "அவுரு மூச்சு வுடற சத்தம் கேக்குதா கேக்குதான்னு நடு நடுவுல போயி குனிஞ்சு பாத்துட்டு வந்து நின்னேன்" என்பார்.

கடைசியில் ஒரு பிக்கப் வண்டி. பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்குத் தக்காளி இறக்கிவிட்டு, காலி கிரேட்டுகளோடு திரும்பிக்கொண்டிருந்தது. அதுவும் தாண்டித்தான் போனது. கொஞ்ச தூரம் போய் நின்றது. டிரைவர் இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, தலையை வெளியே நீட்டி, "எம்மா, காலக் காட்டும்மா" என்று கத்தினார்.

சித்திக்குப் புரிந்துவிட்டது. மாமாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தவராயிற்றே. பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது தெரியாதா? வண்டியின் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் போய் நின்று, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி, இரண்டு காலையும் காட்டினார். ஒரு காலில் செருப்பு இல்லை. விரலில் மெட்டி. முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்து பாதத்துக்கு வந்திருந்தது. அந்த டிரைவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். "மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிக்கொண்டே கிரேட்டுகளை இழுத்துக் கீழே தள்ளி, இடம் செய்து, சித்தப்பாவைத் தூக்கிப் படுக்கவைத்தார். தன் லுங்கியைக் கிழித்துத் தலையில் கட்டினார். தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ரத்தம் படிந்த சட்டையோடு விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கேஸில் மாட்டிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. இருந்தும் போகவில்லை. சித்தப்பா பிழைத்தார். இப்போதும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

நிற்காமல் போனவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பேய்ப் பயம் பாதி, வழிப்பறிப் பயம் பாதி. பொம்பளையை முன்னால் நிறுத்திவிட்டு மரத்துக்குப் பின்னால் நாலு பேர் ஒளிந்திருப்பார்கள் என்கிற பேச்சும் இந்த ரோட்டில் ரொம்ப நாளாக உண்டு. மூன்றாவது பயம் போலீஸ், கோர்ட்டு. அந்த மூன்றாவது பயத்துக்கு இப்போது இடமில்லை. அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிவருபவருக்கு எந்தத் தொந்தரவும் வரக்கூடாது என்ற வழிகாட்டுதல்களை 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 134ஏ என்ற பிரிவாகவே சேர்த்துவிட்டார்கள். உதவி செய்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை, அவர்மேல் வழக்கும் போட முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அடிபட்டவர் எந்த ஊராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. தொடங்கும்போது 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தப் பயமாக இருந்தால் நிறுத்தவேண்டாம், கொஞ்சம் தள்ளிப் போய் 108-க்குப் போன் போட்டு எந்த இடம் என்று சொன்னால் போதும். அன்றைக்கு அந்தக் காரில் போனவர்களோ, பஸ்ஸில் இருந்தவர்களோ யாராவது ஒருவர் இதைச் செய்திருக்கலாம். இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாமா தன் கதையைச் சொல்வதை விடவில்லை. பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். பச்சைப் புடவை, ஒயர் கூடை, மேலே போட்ட துண்டு, எல்லாம் அப்படியே வரும். ஆனால் இப்போது அவர் முடித்ததும் பிள்ளைகள் சித்தியிடம் ஓடுகிறார்கள். சித்தி அடுப்படியில் வேலையாக இருந்துகொண்டே தன் கதையைச் சொல்வார். "காலக் காட்டும்மா" என்கிற இடத்தில் நிஜமாகவே புடவையைத் தூக்கிக் காலைக் காட்டுவார். முழங்காலில் தழும்பு இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்குள் சண்டை நடக்கும். போன பொங்கலுக்கு அவருடைய கடைசிப் பேத்தி, மாமா கதையையும் சித்தி கதையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "அப்புறம் நீ ஏன் ஆயா மறைஞ்சு போவல?" என்று கேட்டாள்.

"நான் மறைஞ்சி போயிட்டா உங்க தாத்தாவ யாரு வண்டியில ஏத்தறது?" என்றார் சித்தி.